கரண்டுக்கு முறை வைத்த மாசி

மாசி மாதம் ஒரு முற்பகலில் எங்கள் வாய்க்கால் கரை டிரான்ஸ்பார்மர் எரிந்துபோனது. வெடித்தது என்று பிறகு பலரும் சொன்னார்கள். வெடிக்கவில்லை. தாளிக்கிற சட்டியில் தண்ணீர் தெளித்த மாதிரி ஒரு சீறல், அப்புறம் கருகிய எண்ணெய் வாடை, அவ்வளவுதான். வடகரைக்குத் தெற்கே அந்த வயல்பற்றில் ஓடிக்கொண்டிருந்த மோட்டார் எல்லாம் ஒரே மூச்சில் நின்றன. வரப்பில் நின்ற நான் காதில் ஏதோ அடைத்துவிட்டது என்று நினைத்துக் காதைத்தான் தட்டிப் பார்த்தேன்.

அந்தச் சமயம் என் பயிர் பால் பிடித்து நின்றது. பிசானப் பருவத்து நெல்லுக்கு அது பிள்ளைத்தாய்ச்சி மாதிரியான நேரம். குளம் அடி தெரிந்துவிட்டது, மடை வழியாக இனி ஒரு சொட்டும் வராது. இன்னும் ரெண்டு தண்ணி, அதுவும் கிணற்றிலிருந்து. அது கிடைத்தால் நெல், கிடைக்காவிட்டால் வைக்கோல். வீட்டில் என் மனைவி அதைச் சுருக்கமாகச் சொன்னாள்: "மணி பிடிக்காம சாவி ஆயிப்போச்சுன்னா மாட்டுக்குத்தான் அறுவடை. நமக்கு இல்ல."

சீசன் மூன்று மாதம் குற்றாலத்தில் நேந்திரங்காய் சிப்ஸ் போடுவது, மற்ற மாதங்களில் இந்த வயலைப் பார்ப்பது என்றுதான் என் பிழைப்பு ஓடுகிறது. படிப்பு எட்டோடு நின்றது. கரண்டைப் பற்றி எனக்குத் தெரிந்தது எல்லாம் காதால் கேட்டதும் கையில் அடித்ததும்தான்.

டிரான்ஸ்பார்மர் ஏன் எரிந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு வீட்டில் எந்நேரமும் விளக்கு எரியும். மோட்டாரை ஓட்டுகிற த்ரீ பேஸ் மட்டும் பகலில் கொஞ்சம், ராத்திரியில் கொஞ்சம் என்று பிரித்து வரும். எந்த நேரம் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அதற்காக ஆளுக்கு ஆள் ஸ்டார்ட்டரில் ஆட்டோ என்று ஒரு சின்னப் பெட்டியை மாட்டிவிட்டார்கள். த்ரீ பேஸ் வந்த நிமிஷம் அது தானாக மோட்டாரைத் தட்டிவிடும். நாம் படுக்கையில் புரண்டு படுத்தால் போதும். விவசாயத்துக்குக் கரண்ட் இலவசம் என்பதால் அணைக்க வேண்டும் என்ற நினைப்பும் யாருக்கும் வராது. கரண்ட் வந்ததும் அத்தனை மோட்டாரும் ஒரே நொடியில் எழுந்து நிற்கும். ஒரு ஆள் படுக்கிற கட்டிலில் கல்யாண வீட்டுக் கூட்டம் மொத்தமும் ஏறி உட்கார்ந்தால் என்ன ஆகும், அதுதான் ஆனது. அந்த டிரான்ஸ்பார்மர் வைத்தபோது கிணறும் குறைவு, மோட்டாரும் சின்னது. இப்போது தண்ணீர் கீழே கீழே போக, மோட்டாரும் பெரிசு பெரிசாக மாறிவிட்டது.

லைனில் என் கிணறு கடைசி. எல்லோரும் ஓட்டும்போது என் மோட்டாருக்கு வந்து சேருவது மிச்சம் மீதிதான். ஊம் என்று உறுமும், தண்ணீர் மேலே வராது, ஸ்டார்ட்டர் டக்கென்று விழுந்துவிடும். அதைக் கேட்டு மதினி சிரிப்பாள். பக்கத்து வயல்காரி, உறவு என்று பார்த்தால் தூரம், வாய்க்கு மட்டும் ரொம்பக் கிட்ட. "ஒங்க மோட்டாருக்கு இருமல் இன்னும் நிக்கலியா கொழுந்தனாரே" என்பாள்.

வேறு டிரான்ஸ்பார்மர் டிராக்டரில் வந்து இறங்குவதற்குள் என் வயல் வெடிப்பு விட ஆரம்பித்துவிட்டது. ஆளுக்கொரு கை கொடுத்துத் தூக்கி வைத்தோம். லைன்மேன் கம்பத்திலிருந்து இறங்கி, துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு, சுவிட்சைப் போடாமல் நின்றார்.

"பழசோட அதே சைஸ்தான் இது. பெருசு கேட்டு எழுதியிருக்கு. எல்லா ஊர்லயும் பெருசுதான் கேக்காவ. வரும்போது வரும். இதுவும் எரிஞ்சா இந்தப் பூ அறுத்து முடியுத வரைக்கும் என்கிட்ட வராதிய."

"சுரண்டைப் பக்கம் கண்ணு எட்டுத மட்டும் கரண்டு எடுக்குத காத்தாடியா நிக்கி. அதுல ஒண்ணு எங்களுக்குச் சுத்தக் கூடாதா?" என்றாள் மதினி.

"அது ஆடியில சுத்தும் அக்கா. அப்ப மழையும் சாரலுமா இருக்கும், நீங்க மோட்டார் ரூமையே தெறக்க மாட்டிய. மாசியில நீங்க தெறப்பிய, அது நிக்கும்."

"அப்ப ஆடிக் காத்தைப் புடிச்சிக் கொடத்துல வச்சுக்கிட வேண்டியதானே."

"அந்தக் கொடத்தத்தான் எல்லாரும் தேடுதாவ. பெரிய பேட்டரி வேணுமாம் அதுக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் சொன்னது உண்மை என்று எனக்குத் தெரியும். ஆடியில் குற்றாலத்துக்குப் பஸ்ஸில் போகும்போது காற்று மனிதனைத் தள்ளும், தூரத்தில் சில காத்தாடிகள் அப்போதும் சும்மா நிற்கும். வருகிற கரண்டை ஏற்றிக்கொள்ள லைனில் இடம் இல்லாவிட்டால் நிறுத்திவிடுவார்களாம், பஸ்ஸில் ஒருவர் சொன்னார். அதே பஸ்ஸில் இறங்கினால் குற்றாலத்தில் வருஷத்துக்கு வருஷம் புது லாட்ஜ், அறைக்கு அறை ஏசி. அருவியில் குளித்துவிட்டு அறைக்குப் போய் வெந்நீரில் குளிக்கிற ஜனத்தை நான் பார்த்திருக்கிறேன். குறை சொல்லவில்லை. அவர்கள் வந்தால்தான் என் சிப்ஸும் விற்கும். எல்லோருக்கும் கரண்ட் வேண்டியிருக்கிறது, எனக்கும்தான்.

லைன்மேன் சுவிட்சைப் போடுவதற்கு முன் ஆட்டோவை எல்லாம் கழற்றச் சொன்னார். அங்கேதான் சண்டை ஆரம்பித்தது. டிரான்ஸ்பார்மரை ஒட்டி முதல் கிணறு, தென்னந்தோப்புக்கார அண்ணாச்சியுடையது. அந்தப் பற்றில் பெரிய மோட்டார் அவருக்கு. ஆட்டோவை முதலில் வாங்கி மாட்டியவரும் அவர்தான்.

"நான் கழத்துவேன். மத்தவன் கழத்துனானான்னு யாரு போயி பாக்கது?" என்றார் அண்ணாச்சி.

"நான் பாக்கேன். எனக்கு வேற என்ன சோலி" என்றாள் மதினி. "கொளத்துல தண்ணி கொறஞ்சா மடையத் தெறக்க முறை உண்டா இல்லியா? அவனவன் இஷ்டத்துக்கா தெறக்கிய? கரண்டுக்கு மட்டும் ஏன் முறை வைக்கக் கூடாது?"

"அது தண்ணி. கண்ணுக்குத் தெரியும்."

"எரிஞ்ச டிரான்ஸ்பார்மர் கண்ணுக்குத் தெரியலியா அண்ணாச்சி?"

குளத்தில் தண்ணீர் குறைந்த வருஷம் கடைமடைக்கு முதலில் விடுவது எங்கள் பக்கத்து வழக்கம். தலைமடைக்காரனுக்குக் கசிவாவது கிடைக்கும், கடைசிக்காரனுக்கு ஒன்றும் கிடைக்காது என்பதால் அப்படி. அதையே இதற்கும் வைத்துக்கொள்வது என்று முடிவானது. இருக்கிற மோட்டாரை மூன்று மூன்றாக ரெண்டு கூட்டம் பிரித்து, வருகிற கரண்டில் கூட்டத்துக்குப் பாதி நேரம், லைனின் வாலிலிருந்து தொடங்க வேண்டும். அதாவது முதல் முறை எனக்கு. அண்ணாச்சி என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஒமக்கு யோகம்தான்வே" என்றார். அது வாழ்த்தா வசவா என்று வீட்டுக்குப் போகும் வரை யோசித்துக்கொண்டே போனேன். சாயங்காலத்துக்குள் மதினி ஒவ்வொரு மோட்டார் ரூமாகப் போய் எட்டிப் பார்த்தாள். எல்லா ஆட்டோவும் கழற்றியாகிவிட்டது.

மறுநாள் நடந்ததை வேறு எந்த ஊரிலும் சொல்ல முடியாது.

காலையில் நான் ரெடியாக உட்கார்ந்திருந்தேன். வீட்டில் விளக்கு எரிந்தது, பேன் ஓடியது. த்ரீ பேஸ் வந்தால் போகலாம் என்று காபி குடித்தேன். இட்லி சாப்பிட்டேன். வெயில் ஏறிய பிறகுதான் சந்தேகம் வந்து மதினிக்குப் போன் போட்டேன். "எனக்கு என்ன தெரியும், ஒங்க மோட்டார் சத்தம் கேக்கட்டும்னு நான் இருக்கேன்" என்றாள். எங்கள் கூட்டத்து மூன்றாமவரைக் கேட்டால் அவர் என்னை நம்பி இலத்தூருக்கு ஒரு வளைகாப்புக்குப் போய்விட்டார். கடைசியில் லைன்மேனைக் கேட்டோம்.

"விடியறதுக்கு முன்னயே வந்து இப்பதான் போச்சு" என்றார். "ஒரு மோட்டாரும் ஓடலியே, சண்டை போட்டுட்டு எல்லாரும் ஊர விட்டுப் போயிட்டியளோன்னு நெனச்சேன்."

இத்தனை வருஷம் கரண்ட் வந்ததை ஆட்டோதான் கவனித்துக்கொண்டிருந்தது. அது வந்துவிட்டது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது என்பதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது. ஒரு முழு நேரக் கரண்ட், சொட்டுத் தண்ணீர் இறைக்காமல் வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. மதினி வரப்பிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். என் மனைவி சிரிக்கவில்லை. வயலில் இறங்கி ஒரு வெடிப்புக்குள் கையை விட்டாள். மணிக்கட்டு வரை போனது.

"இன்னொரு நேரம் போச்சுன்னா நான் என் அம்மை வீட்டுக்குப் போறேன்" என்றாள்.

"போயி?"

"அங்க இருந்து கொடத்துல தண்ணி கொண்டு வாரேன்."

அன்று மதியம் அண்ணாச்சி தோப்பு வழியாகப் போனபோது அவர் ஏணி மேல் நின்று மோட்டார் ரூம் வாசலில் ஒரு சிவப்பு பல்பு மாட்டிக்கொண்டிருந்தார். த்ரீ பேஸ் வந்தால் மட்டும் எரிகிற மாதிரி வயர் இழுத்திருந்தார். நான் வந்து நின்றது தெரிந்தும் திரும்பவில்லை.

"எனக்கு வயசாச்சு, தூக்கம் சீக்கிரம் போயிருது. எரிஞ்சதும் ஒரு மிஸ்டு கால் தாரேன். போனை எடுத்து ஹலோ சொல்லி காசக் கரைக்காதயும்."

"இப்பல்லாம் பேசுனாலும் காசு கெடையாது அண்ணாச்சி."

"அப்ப எடுத்துப் பேசி என் நேரத்தக் கரைக்காதயும்."

அடுத்த நாள் விடிந்தும் விடியாத நேரத்தில் போன் ஒரு தரம் அடித்து நின்றது. மனைவி எனக்கு முன்பே செருப்பு மாட்டி வாசலில் நின்றாள். மோட்டார் ரூம் கதவைத் திறந்து ஸ்டார்ட்டரின் பச்சை பட்டனை அமுக்கும்போது, அந்த உறுமல் வரும், டக்கென்று விழும் என்று தோள் ரெண்டையும் இறுக்கிக்கொண்டேன். உறுமல் வரவில்லை. ஒரே சீராக ஒரு ரீங்காரம். அந்தச் சத்தம் என் மோட்டாருடையது என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. குழாய் ரெண்டு தரம் காற்றைக் கக்கியது, கொஞ்சம் துருத் தண்ணீர் துப்பியது, பிறகு குழாய் வாய் நிறைய வந்து தொட்டியில் விழுந்தது. நான் தண்ணீருக்கு அடியில் கையைக் கொடுத்தேன், அது கையைத் தள்ளியது.

வெடித்த மண் முதல் தண்ணீரை அப்படியே விழுங்கிவிட்டது. பாத்தி பாத்தியாக நகர்ந்து வர வெயில் ஏறிவிட்டது. மனைவி மண்வெட்டியோடு முன்னால் போய்ப் பாத்தி வாயைத் திறந்து விட, நான் பின்னால் அடைத்துக்கொண்டு வந்தேன். மேற்கு மூலையில் கடைசிப் பாத்தி பாக்கி நின்றபோது என் முறை முடிந்துவிட்டது. அடுத்தது அண்ணாச்சியின் கூட்டம். முறை என்றால் முறை. மோட்டாரை நிறுத்த நான் கரையேறியபோது அவரே எதிரில் வந்தார்.

டிரான்ஸ்பார்மரைத் தொட்டுப் பார்க்க முடியாது என்பதால் அதன் பக்கத்தில் நின்று வாடை பிடித்துவிட்டு வந்திருக்கிறார். "சூடு வாடையே இல்லவே" என்றார். பிறகு என் வயலைப் பார்த்தார், மூலையில் வெளுத்து நின்ற அந்தப் பாத்தியைப் பார்த்தார்.

"எங்க போறீரு?"

"நிறுத்தப் போறேன். ஒங்க முறைல்லா."

"தென்னை நாலு நாள் தாங்கும். நெல்லு தாங்காது. பாயட்டும்." கொஞ்ச தூரம் போய்த் திரும்பினார். "ஒம்ம மதினிகிட்ட சொல்லிராதயும். நாளைக்கு ஊர் பூரா என் முறையக் கேட்டு வந்துருவாவ."

கடைசிப் பாத்தியின் வரப்பில் தண்ணீர் முட்டி நின்றபோது மனைவி மண்வெட்டியை ஊன்றி, முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். ரெண்டாம் தண்ணியும் அதே முறையில், சண்டை இல்லாமல் பாய்ந்தது. மதினி வயலும் தப்பியது. டிரான்ஸ்பார்மர் அந்தப் பூ முழுக்க முனகாமல் நின்றது. அறுவடை முடிந்த கையோடு ரெண்டு மூன்று பேர் ஆட்டோவைத் திரும்ப மாட்டிவிட்டார்கள் என்று கேள்வி. அடுத்த மாசியில் மறுபடியும் ஏணி ஏறவேண்டிவரலாம், மறுபடியும் கம்பத்தடியில் கத்தவேண்டிவரலாம். அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

முதல் தண்ணீர் பாய்ந்த அன்று வீட்டுக்கு வந்து குளித்துப் பழையதைக் குடித்துவிட்டுப் படுத்தேன். எத்தனை நாள் தூக்கம் பாக்கி இருந்தது என்று தெரியவில்லை. இடையில் ஒரு தரம் விழிப்பு வந்தது. தூரத்தில் யார் மோட்டாரோ ஓடிக்கொண்டிருந்தது, தனியாக, அவசரமில்லாமல். அடுக்களையில் மனைவி யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தாள்: "பாஞ்சிட்டு. மூலை வரைக்கும் பாஞ்சிட்டு. அவுக தூங்குதாவ, எழுப்பல."

நான் மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.