வெடிப்புக்குள் ஒரு கை

எங்கள் குறும்படத்தை எந்த விழாவும் ஏற்கவில்லை. முதல் நிமிடமே தேர்வாளரை நிமிர வைக்க வேண்டும் என்றார்கள். தொடக்கக் காட்சியை மறுபடி எடுக்க மலையகத்தின் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனேன்.

தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் மலைச்சரிவில் ஒரு நில வெடிப்பு. ஆழம் தெரிவதற்காக, அங்கே குடியிருக்கும் செல்வி அக்கா அதற்குள் கையை விடுவார். முன்பு முழங்கை வரைதான் போனது. இம்முறை தோள் வரை போனது.

“பிரமாதம்க்கா!” என்று கத்தினேன்.

கையை எடுக்காமலே கேட்டார்: “இத பாத்தா எங்கள வேற எடத்துக்கு மாத்துவாங்களா தம்பி?”

படம் தேர்வானது. அந்தக் காட்சிக்கு அரங்கில் கைதட்டினார்கள். வெளியே வந்து அக்காவை அழைத்தேன்.

“மழ விடவே இல்ல தம்பி. இப்ப கையில்ல, ஆளே எறங்கலாம்.”

பிரமாதம் என்ற சொல் அதன்பின் என் வாயில் வரவில்லை.