ரெத்தினம் கொடுத்த தப்பான அவுட்

ரெத்தினம் அறுவடை மெஷின் ஓட்டுகிறவர். பேராவூரணிப் பக்கம் எங்கள் ஊரில் அறுப்பு முடிந்ததும் மெஷினை ஓரங்கட்டிவிட்டு, காய்ந்த வயலில் சுண்ணாம்புக் கோடு போட்டுப் பெண்பிள்ளைகளுக்குக் கபடி சொல்லிக்கொடுப்பார். சம்பளம் கிடையாது. எனக்கு அதுவே முதல் சந்தேகம்.

என் மகள் வானதியும் அவரிடம்தான் ஆடினாள். நான் மஸ்கட்டில் இருந்தேன். மனைவி ஜெயபாரதி ஆட்டத்தை ஃபோனில் எடுத்து அனுப்புவாள். ஒரு வீடியோவில் வானதி எதிராளியைத் தொட்டுவிட்டுத் திரும்பி விழுகிறாள். கை நடுக்கோட்டைத் தாண்டியது பளிச்சென்று தெரிகிறது. ரெத்தினம் விசில் ஊதி அவுட் என்கிறார். அடுத்த வாரமும் அப்படியே. மற்ற பிள்ளைகளுக்கு அவர் தீர்ப்பு ஒருதடவைகூடத் தப்பவில்லை.

எங்கள் வயலுக்கும் அவர் வயலுக்கும் ஒரே வாய்க்கால். யாருக்கு முதல் தண்ணீர் என்று என் அப்பாவும் அவரும் மடையில் நின்று சண்டை போட்டது ஊருக்கே தெரியும். அந்தக் கோபத்தைப் பிள்ளையிடம் தீர்க்கிறார் என்று முடிவுகட்டினேன். விளையாட்டு விடுதித் தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது லீவில் வந்தேன், அவளை அவரிடமிருந்து நிறுத்திவிடும் எண்ணத்தோடு.

"என்னண்ணே, எம் பொண்ணு ஆடுறப்ப மட்டும் கண்ணு தெரியாதா?"

"நல்லாத் தெரியும். வேணும்னுதான் குடுக்குறேன்."

"ஒத்துக்குறீங்களா?"

"மத்தவளுவ அவுட்டுன்னா போய் உக்காந்துடுவாளுவ. இவ இடுப்புல கைய வச்சுக்கிட்டு நியாயம் பேசுவா. உங்கப்பா மடையில நிப்பாருல்ல, அதே மாதிரி. அந்தக் கோவத்தோட அடுத்த ரைடு போய் மாட்டிக்குவா. நானும் அப்புடி நின்னவன்தான் தம்பி. பத்தொம்பது வயசுல நடுவர் சட்டையப் புடிச்சேன். அதோட ஸ்டியரிங்கப் புடிக்க வந்துட்டேன்."

கதை இவ்வளவு பொருத்தமாக இருந்ததாலேயே நம்பிக்கை வரவில்லை. ஆனால் வானதி, "இதுல தலையிடாதீங்கப்பா" என்றுவிட்டாள்.

தஞ்சாவூரில் தேர்வன்று அவள் கோட்டைத் தொட்ட பிறகும் நடுவர் அவுட் கொடுத்தார். ரெத்தினம் அவரிடம் முன்னாடியே பேசிவைத்திருப்பாரோ என்றுகூட எனக்கு ஓடியது. வானதி ஒரு வார்த்தை பேசவில்லை. வெளியே உட்கார்ந்து எதிரணிக்காரிகளின் கால்களையே பார்த்தாள். மறுபடி உள்ளே வந்ததும், முதல் ரைடிலேயே இரண்டு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பினாள். தேர்வாகிவிட்டாள்.

விடுதிப் படிவத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டும். எடுத்த பேனாவைக் கீழே வைத்தேன். தூர ஊரில் யாராவது அநியாயம் செய்தாலும் இப்படித்தான் வாயை மூடிக்கொண்டு நடப்பாளா? அந்த மனுஷன் இவளுக்குச் சொல்லிக்கொடுத்தது ஆட்டத்தையா, அடங்கிப்போவதையா?

"அவர் வேணும்னுதான் தப்பா குடுத்தார்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும். நாப்பத்தொண்ணு."

"என்ன நாப்பத்தொண்ணு?"

"எனக்குக் குடுத்த பொய் அவுட்டு. தேதியோட இருக்கு. நல்லாப் பேர் வாங்குனப்புறம் ஊருக்கு வந்து ஒண்ணொண்ணாக் கேப்பேன். சும்மா விட்டுருவேன்னு நெனச்சீங்களா?"

கையெழுத்துப் போட்டேன்.