இடம் மாறிய செடி

கடையில் தேநீர் கட்டித் தருவார்களே, அந்த மாதிரி பிளாஸ்டிக் பை. உள்ளே தண்ணீரில் ஒரு பச்சைச் செடி, வாயில் ரப்பர் பேண்ட். ஸ்கூடாய் ஊரில் எங்கள் வீட்டு கேட்டில் அதை மாட்டிவிட்டுப் போனவள் என் ஓரகத்தி, கணவருடைய தம்பி மனைவி.

மாமியார் இறந்தபின் மாமனார் தன் ஊரான லாபிஸை விட்டு எங்களோடு வந்துவிட்டார். சமைத்துப் போடுவது நான், மருந்து எடுத்துக் கொடுப்பது நான். மாலையானால் அவர் கால்கள் மட்டும் இரண்டு தெரு தள்ளி அவள் வீட்டுக்குப் போகும். அங்கே கூடத்தில் செடிகள் அடர்ந்த மீன்தொட்டி. இருட்டும்வரை அதன் முன்னால் உட்கார்ந்திருப்பார். அங்கேயே போய் இருந்துவிடலாமா என்று என் கணவரிடம் அவர் கேட்டது காதில் விழுந்தபோது எனக்கு வயிறு எரிந்தது. நானும் மீன்களோடு ஒரு தொட்டி வாங்கினேன். நட்டதெல்லாம் அழுகியது. அதைக் கேள்விப்பட்டுத்தான் அவள் அந்தப் பையைக் கொண்டுவந்தாள்.

“அக்கா, இடம் மாறினா இலையெல்லாம் உருகிடும். வேரை மட்டும் தொடாதீங்க லா,” என்று போனில் சொன்னாள். வீணாய்ப் போனதைக் கொடுத்துவிட்டு முன்கூட்டியே சாக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். ஒரே வாரத்தில் இலைகள் கூழாகிக் கரைந்தன. நான் பிடுங்கி எறியவில்லை. அவள் கொடுத்த லட்சணத்தை மாமா தினமும் பார்க்கட்டும் என்று அப்படியே விட்டேன்.

பார்த்தார். துளிர் வருகிறதா என்று பார்ப்பதற்காகவே மாலையில் வெளியே போவதை நிறுத்திவிட்டார். இலையில்லாத தொட்டியின் முன்னால் அவர், பக்கத்தில் தேநீரோடு நான். எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன். ஒருநாள் மண்ணிலிருந்து ஊசிபோலப் பச்சை எட்டிப் பார்த்தது. மாமா உடனே போனை எடுத்து அவளைத்தான் அழைத்தார். “நீ குடுத்தது பொழைச்சிருச்சும்மா,” என்றார். பக்கத்தில் நின்ற என்னை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இப்போது மீனே தெரியாத அளவுக்கு என் தொட்டி நிறைய அந்தச் செடிதான். அவள் குடும்பத்தோடு சிங்கப்பூர் போய்விட்டாள். அங்கே மாடிவீட்டில் எந்தச் செடியும் நிற்கவில்லையாம். போன ஞாயிறு வந்து என் தொட்டியிலிருந்து ஒரு செடி கேட்டாள். கேட்ட கையோடு, “இது தழைச்சதும் அங்க வந்து எங்களோட இருங்க மாமா,” என்றாள். அவரும் யோசிக்காமல் தலையாட்டினார்.

செடியை வேரோடு எடுத்துப் பையில் போட்டேன். மாமாவைப் பார்த்துச் சொன்னேன்: “இடம் மாறினா உருகிடும், மாமா.”

செடியைச் சொல்கிறேன் என்று நினைத்து அதற்கும் தலையாட்டினார். நான் ரப்பர் பேண்டை இன்னொரு சுற்று இறுக்கிக் கட்டினேன்.