எழுபத்தைந்துக்கு மேல்

உத்தமபாளையத்தில் புதிதாகக் கட்டிய கல்யாண மண்டபத்துக்கு ஞானசெல்வி அக்காதான் மின்வேலை மேற்பார்வையாளர். ராயப்பன்பட்டிக்காரர். ஐடிஐயில் எலக்ட்ரீசியன் பிரிவில் அவர் படித்த வருடம் சேர்ந்த ஒரே பெண். ஆண்டிபட்டிப் பக்கம் ஒரு நூற்பாலையில் பதினாலு வருடம் பராமரிப்பு வேலை பார்த்தவர். மகள் பெனிஷா நர்சிங் இரண்டாம் ஆண்டு. அக்காவின் வேலை போனால் அவள் படிப்பும் நிற்கும்.

நான் அந்த மண்டபத்தில் காகிதங்கள் தட்டச்சு செய்யச் சேர்ந்திருந்தேன். பல நாடு சுற்றிவிட்டு வந்த எனக்கு எந்த வேலையும் ஒரு மாதத்துக்கு மேல் தாங்காது. இதுவும் தாங்காது என்றுதான் நினைத்திருந்தேன்.

முதல் முகூர்த்தத்துக்குப் பத்து நாள் இருந்தது. மின்வேலை விதிப்படி முடிந்தது என்று அக்கா கையெழுத்துப் போட வேண்டும். அவர் அளக்கும் டேப்பை எடுத்துக்கொண்டு மெயின் பேனல் இருந்த அறைக்குப் போனார். ஆள் உயர இரும்புப் பெட்டி. அதன் முதுகில் மின்சாரம் ஓடப்போகும், மூடாத செம்புப் பட்டைகள். பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே நாற்பத்தேழு சென்டிமீட்டர். கையெழுத்துப் போட மாட்டேன் என்றார்.

அந்த இடைவெளி இருபதுக்குக் குறைவாக இருக்க வேண்டும், அல்லது எழுபத்தைந்துக்கு மேல் இருக்க வேண்டும் என்பது விதி. கட்டிய இன்ஜினியர் இரண்டு எண்ணையும் பார்த்துவிட்டு, இரண்டுக்கும் நடுவில் வைத்திருந்தார். உரிமையாளர் தங்கப்பாண்டியனுக்கும் அது நியாயமாகவே பட்டது.

“இன்ஜினியரு நடுவுலதான வச்சிருக்காக. ஒனக்கு என்னத்தா வந்துச்சு?”

“நடுவுலதாண்ணே ஆளு சாவான்” என்றார் அக்கா. “இருபதுக்குக் கீழன்னா உள்ள யாருமே நொழைய முடியாது. எழுபத்தஞ்சுக்கு மேலன்னா நொழைஞ்சவன் திரும்பி வந்துருவான். இங்கன நொழையலாம், திரும்ப முடியாது.”

நூற்பாலையில் அம்மாவாசி என்பவர் இப்படியொரு சந்தில் நுழைந்து, திரும்பும்போது முழங்கை பட்டு, வலது கையை இழந்ததை அக்கா நேரில் பார்த்தவர். அதை அங்கே சொல்லவில்லை. என்னிடம் பின்னால்தான் சொன்னார்.

யாரும் உள்ளே போகாதபடி பூட்டிவிடலாம் என்றார் தங்கப்பாண்டியன். போல்ட்டு லூசானால் அது தானாக நடந்து வெளியே வருமா என்று அக்கா கேட்டார். தங்கப்பாண்டியனுக்கு முகம் சிவந்துவிட்டது. பெரியகுளத்திலிருந்து ஆள் கூட்டிவந்து கையெழுத்து வாங்கத் தெரியும், நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்.

“வாங்கிக்கங்க. அதுக்கு முன்னாடி ஒரு ஆள உள்ள விட்டுக் காட்டுங்க.”

கரண்ட் இணைப்பு இன்னும் கொடுத்திருக்கவில்லை. மண்டபத்து எலக்ட்ரீசியன் அழகரைத் தங்கப்பாண்டியனே கூப்பிட்டு உள்ளே போகச் சொன்னார். அழகர் பக்கவாட்டில் நுழைந்துவிட்டார். தங்கப்பாண்டியன் எங்களைப் பார்த்துச் சிரித்தார். அக்கா ஒரு ஸ்பேனரை உள்ளே போட்டு, அதை எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்.

அழகரால் குனிய முடியவில்லை. உடம்பைத் திருப்பப் பார்த்தார். தோள் செம்புப் பட்டையில் உரசியது.

“தொப்பையக் கொறைடா” என்றார் தங்கப்பாண்டியன்.

அழகர் சட்டைப் பொத்தான் தெறிக்க வெளியே வந்தார். ஸ்பேனர் உள்ளேயே கிடந்தது.

“கையெழுத்துப் போட யார வேணாலும் கூட்டியாங்க, மொதலாளி. இதுக்குள்ள போக என்னையக் கூப்புடாதீக” என்றார் அழகர்.

தங்கப்பாண்டியன் இன்ஜினியருக்குப் போன் போட்டுக்கொண்டே வெளியே போனார். அக்காவை வர வேண்டாம் என்று மறுபடி சொல்லவில்லை. மறுநாள் காலை இன்ஜினியரின் ஆட்கள் வந்து பெட்டியை முன்னால் நகர்த்த ஆரம்பித்தார்கள். பெட்டிக்கு முன்னாலும் ஒரு மீட்டர் காலியாக இருக்க வேண்டும் என்று அக்கா அங்கே அடுக்கியிருந்த நாற்காலிகளை வெளியேற்றினார். வேலை முடிய மூன்று நாள் ஆனது.

அக்கா டேப்பைப் பிடித்தார். சரியாக எழுபத்தைந்து. தங்கப்பாண்டியன் பேனாவை நீட்டினார்.

“மேலன்னுதாண்ணே போட்டிருக்கு. இன்னும் ரெண்டு விரக்கடை தள்ளச் சொல்லுங்க.”

அழகர்தான் முதலில் கடப்பாரையை எடுத்தார்.

எழுபத்தெட்டு வந்ததும், நீட்டிய பேனாவை வாங்காமல், அக்கா தன் பையிலிருந்த பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.