பழைய கணினியை லோரியில் ஏற்றிவிட்ட பிறகு

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் சின்ன வரி அலுவலகத்தில், உடன் வேலை பார்த்த மாலதி அக்கா இறந்த பிறகு நான் ஒருத்திதான். புதுக் கணினி வந்ததும் வரி மென்பொருளின் கோப்புகளை அதில் ஏற்றிவிட்டு, பழையதைப் பழைய சாமான் லோரிக்காரரிடம் கொடுத்துவிட்டேன்.

புதியதில் வாடிக்கையாளர் பெயர்கள் மட்டுமே இருந்தன. அக்கா வருடக்கணக்காகச் செய்து வைத்த அமைப்புகளும் குறிப்புகளும் வரவில்லை. யோசனை கேட்கவும் ஆளில்லை. லோரிக்காரருக்குப் போன் செய்தேன்.

"கிள்ளான்ல இருக்கேன் அக்கா. இன்னும் இறக்கல லா, வாங்க."

ரயிலேறிப் போய் கணினியைத் திரும்ப வாங்கி வந்தேன். திறந்ததும் ஒரு வாடிக்கையாளரின் பெயருக்குக் கீழே மாலதி அக்காவின் குறிப்பு ஒன்று தெரிந்தது: "இந்த ஆன்டிக்குக் காது கேக்காது. மெதுவா, சத்தமா பேசு." அக்கா என்னிடமே சொன்னது போலிருந்தது. அழுதுவிட்டேன்.

இப்போதெல்லாம் புதியதில் எல்லாவற்றையும் திறந்து பார்க்காமல் பழையதை அனுப்புவதில்லை. நானும் குறிப்புகள் எழுதுகிறேன், யார் படிப்பார்கள் என்று தெரியாமலே.