சம்பத் சாரின் வெந்நீர்ப் பை

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். சம்பத் சாரின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்காமல் போனதற்குக் காரணம், என் மடியில் ஒரு பூனை தூங்கிக்கொண்டிருந்ததுதான்.

பெங்களூரிலிருந்து அவர் மகள் மாலதி காலையில் போன் செய்தாள். "அப்பா போயிட்டார் அங்கிள். மத்தியானம் எடுத்துடுவா. வந்துடுங்கோ." நாங்கள் இருப்பது மைசூரில்; உடனே பஸ் ஸ்டாண்டுக்கு ஓடியிருந்தால் போய்ச் சேர்ந்திருக்கலாம். என் மனைவி தமிழ்நாட்டு எல்லையோர ஹனூர்க்காரி. சமையலறையிலிருந்தே குரல் கொடுத்தாள்.

"ஏனுங்க, இன்னுங் கெளம்பலீங்களா?"

"கெம்பி மடியில தூங்குது."

அடுத்தடுத்துக் கேட்டபோதும் அதையேதான் சொன்னேன். நான் போய்ச் சேர்ந்தபோது அங்கே வீட்டைக் கழுவி விட்டிருந்தார்கள்.

எங்கள் தெருவில் சம்பத் சாரை அறியாதவர்கள் இல்லை. கல்லூரியில் பௌதிகம் நடத்தி ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர், எனக்கு வீட்டுக்காரர். கீழே அவர், மாடியில் நாங்கள். பார்ப்பவர்களையெல்லாம் 'ஓய்' என்றுதான் கூப்பிடுவார். கெம்பி அவருடைய செம்பழுப்புப் பூனை. அது படுக்கும் இடங்களை வைத்தே அந்த வீட்டில் என்ன ஓடுகிறது என்று சொல்லிவிடலாம்: இன்வர்ட்டர், செட்டாப் பாக்ஸ், மாடியில் சோலார் தொட்டிக்குக் கீழே குழாய் வளையும் மூலை.

நான் குடிவந்த புதிதில், மாலையில் ஸ்கூட்டரை நிறுத்தியதும் கெம்பி ஓடிவந்து சீட்டில் ஏறிக்கொள்ளும். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. 'எனக்காகக் காத்திருக்கும் ஒரே ஜீவன்' என்று நான் நகைச்சுவை எழுதும் பத்திரிகையில் ஒரு கட்டுரையே எழுதிவிட்டேன். மனைவி அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் பேசவில்லை. சம்பத் சார் பேசினார்.

"உம்மைப் பார்க்க வரலை ஓய். இன்ஜினைப் பார்க்க வர்றது. நாளைக்கு பஸ்ல வாரும், பார்க்கலாம்."

பஸ்ஸில் வந்தேன். இன்வர்ட்டர் மேலிருந்து ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

"பூனைக்கு உடம்புச் சூடு நம்மளைவிட ஜாஸ்தி. நமக்கு இதமா இருக்கற ரூம் அதுக்குக் குளிரு. தன் சூட்டைச் செலவு பண்ணாம அடுத்தவன் சூட்டுல தூங்கறது. இதுக்குப் பேர் பிரியம் இல்லை ஓய், சிக்கனம்" என்றார்.

அந்தச் சிக்கனத்தை வைத்துத்தான் அவர் தன் வீட்டையே காப்பாற்றிக்கொண்டிருந்தார். அப்பாவைத் தனியாக விட மாலதிக்கு மனமில்லை. தன் ஃப்ளாட்டுக்கு அழைத்துப்போக அடிக்கடி காரோடு வருவாள். சார் வர மறுக்க மாட்டார். நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். மடியில் கெம்பி.

"தூங்கறதும்மா. எழுப்பினா பாவம். ஆகட்டும், போலாம்."

மாலதி காபி குடிப்பாள். இன்னொரு காபி குடிப்பாள். மறுநாள் ஆபீஸ் இருக்கிறதே என்று இருட்டுவதற்குள் தனியாகத் திரும்பிப் போவாள். இதன் ரகசியம் எனக்கு மட்டும் தெரியும். சாரின் வேட்டி மடிப்புக்குள் ரப்பர் வெந்நீர்ப் பை ஒன்று இருக்கும். "ஓய், மாலதி ஸ்ரீரங்கப்பட்டணம் தாண்டிட்டாளாம். வெந்நீர் போடும்!" என்று போன் வரும். நான் கெட்டிலோடு கீழே ஓடுவேன். வாடகையை உயர்த்தாமல் இருந்ததற்கு அவருக்கும் காரணம் இருந்தது.

போன மார்கழியில் குளியலறையில் வழுக்கி விழுந்தார். மாலதி ஓடிவந்தாள். அன்று எனக்கு முன்கூட்டி போன் வரவில்லை. கீழே போனபோது நாற்காலிக்குப் பக்கத்தில் பெட்டி தயாராக இருந்தது. சாரின் மடி காலி. கெம்பியைத் தேடினேன். வாசலில், பெங்களூரிலிருந்து ஓடிவந்து நின்ற காரின் பானெட்டில் சுருண்டு கிடந்தது.

"கெட்டில் வைக்கட்டுமா சார்?" என்று காதோடு கேட்டேன்.

"பானெட் சூட்டுக்கு நம்ம வெந்நீர் எடுபடாது ஓய். ஹோக்லி, போகட்டும் விடும்." எழுந்துகொள்ளக் கையை நீட்டினார். "நாலு நாள் கெம்பியைப் பார்த்துக்கும்" என்று சொல்லி, ரப்பர்ப் பையை என்னிடம் கொடுத்தார்.

அங்கிருந்து ஒருநாள் பேசினார். "பால்கனிக்கு வலை போட்டிருக்கா. புறா உள்ள வராம இருக்கறதுக்காம். ஒரு ஸ்டூல் போட்டு வலைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, புறாவையேதான் பார்த்துண்டிருக்கேன்." சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிப்பது என் தொழில்.

நாலு நாள் முடியவேயில்லை. மாலதியின் ஃப்ளாட்டில் பூனை கூடாதாம். கீழ்வீடு பூட்டிக் கிடக்கிறது. கெம்பி இப்போது மாடியில். நான் எழுதும்போது லேப்டாப்பின் மேல், தூங்கும்போது என் வயிற்றின் மேல். புரண்டு படுக்கக்கூட அனுமதி இல்லை. இந்தப் பூனையும், அந்த ரப்பர்ப் பையும், எழுந்திருக்கப் பிடிக்காதவன் சொல்ல ஒரு காரணமும்தான் அவரிடமிருந்து எனக்கு வந்தவை.

இன்னும் ஒன்று. போன் வந்த அன்று காலை கெம்பி என் மடியில் இல்லை. வாசலில் வெயில் பட்ட ஸ்கூட்டர் சீட்டில் கிடந்தது. மடியில் பை மட்டும்தான் இருந்தது. அதுவும் ஆறிப்போயிருந்தது.