ருக்மணி அக்கா பெயருக்கு முன்னால்

நேற்று சுள்ளிக்கல் சாயாக்கடையில் பக்கத்து பெஞ்சில் ஒரு காலேஜ் பெண். என்ன செய்கிறாய் மோளே என்று கேட்டேன். "நான் நாடகக்காரி, அங்கிள்" என்றாள், டாக்டர் என்று சொல்கிற மாதிரி நிமிர்ந்து. நான் சாயா கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அவளை இன்னொரு முறை பார்த்தேன்.

கொச்சி மட்டாஞ்சேரியில் தமிழர்கள் குடியிருந்த எங்கள் லைன் வீடுகளில் அந்தச் சொல்லுக்கு வேறு முகம். குழாயடியில் சண்டை முற்றினால் கடைசியாக எடுத்து வீசுவார்கள். "போடி நாடகக்காரி!" அதற்கு மேல் பேச்சில்லை, குடம்தான் பறக்கும்.

நிஜமாகவே நாடகத்தில் நடித்தவர் லைனில் ஒருவர்தான், ருக்மணி அக்கா. அப்பா அம்மா இல்லாத வீடு. திருவிழாக்களில் நடித்தே தங்கச்சி செல்வியை வளர்த்தார். படிக்கத் தெரியாது. யாராவது வாசிக்க, கேட்டே வசனத்தை மனப்பாடம் செய்வார். சில நாள் வாசித்தவன் நான். அப்போது கொச்சங்காடியில் ஓர் அச்சகத்தில் ஈய எழுத்துக் கோர்க்கிற வேலை எனக்கு. மையும் மண்ணெண்ணெயும் கலந்த வாசனை, கையை எத்தனை கழுவினாலும் சோற்றில் ஏறும். தமிழே அங்கே அந்த எழுத்தைத் தலைகீழாகப் பார்த்துக் கற்றதுதான். புத்தியும் கொஞ்சம் அப்படித்தான் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

நாடக நோட்டீஸில் ஒரு வழக்கம். ஊர்ப் பையன்கள் பெயரெல்லாம் பொடி எழுத்தில். நடிக்க வரும் பெண்ணுக்கு மட்டும் தடித்த எழுத்து. செல்வியின் கல்யாணப் பத்திரிகை வந்தபோது கை பழக்கத்துக்குப் போய்விட்டது. அழைப்பவர் இடத்தில் 'நாடக நடிகை ருக்மணி' என்று தடிப்பாகக் கோர்த்தேன். மரியாதை செய்கிற நினைப்பு வேறு. பெயரை மட்டும் விரல் வைத்துக் காட்டினேன்; அக்கா அதைத் தடவிப் பார்த்து, "எம் பேரு இத்தனை பெரிசா!" என்று சிரித்தார்.

முதல் பத்திரிகை வெற்றிலை பாக்கோடு மாப்பிள்ளை வீட்டுக்குப் போனது. அக்காவுக்குத் தையல் வேலை என்றுதான் சம்பந்தம் பேசியவர்கள் அங்கே சொல்லியிருந்தார்களாம். எனக்கு அது தெரியாது. மாப்பிள்ளையின் மாமா பத்திரிகையோடு திரும்பி வந்தார். "கல்யாணம் நடக்கட்டும். நாடகக்காரி மட்டும் மண்டபத்துப் பக்கம் வரக் கூடாது."

அக்கா ஒத்துக்கொண்டார்.

பத்திரிகையை மறுபடி அச்சடிக்க அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக இடுக்கியால் பிடுங்கினேன், பெயரையும் சேர்த்து. அக்கா பக்கத்திலேயே நின்றார். "அழணும்னா அழுடா. உனக்கென்ன மேக்கப்பா கலையப் போவுது?"

கல்யாணத்தன்று காலை பட்டுச் சேலையோடு அச்சகத்துக்கு வந்து காகிதக் கட்டின்மேல் உட்கார்ந்தார்.

"மணி என்னாச்சு தம்பி? தாலி கட்டிருப்பாங்களா?"

"கட்டியிருப்பாங்க அக்கா."

"தலை நிமிர்ந்திருக்க மாட்டா. அவளுக்கு வெக்கம் ஜாஸ்தி."

பிறகு அக்கா மேடை ஏறவில்லை. இடக்கொச்சியில் இறால் உரிக்கப் போனார், அங்கேயே செத்தும் போனார். அச்சகம் இருந்த இடத்தில் இப்போது ஹோட்டல். செல்வியின் பிள்ளைகளை எப்போதாவது பார்க்கிறேன், நல்ல பிள்ளைகள். தங்களுக்கு ஒரு பெரியம்மா இருந்தது அவர்களுக்குத் தெரியாது. சொல்ல வேண்டியவன் நான்தான். இன்னும் சொல்லவில்லை.